கூண்டுக்குள் ஒருவருக்குத்தான் இடம்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

('மதிப்புக்குரிய' என்று போடக் கூடாது என்றாள் உங்கள் அக்கா. போடாவிட்டால் அது கடிதம் ஆகாது, போலீஸ் புகார் ஆகிவிடும் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.)

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் தெருக் கிளினிக் வாசலில் போட்டிருந்த மரப்பெஞ்சின் வலது முன்னங்கால், முந்தாநாள் மாலை, பருத்த பெரியவர் ஒருவரைத் தாங்கியபடியே காலமானது. காலங்காலமாக நின்ற கால். உடன்பிறந்த மூன்று கால்களும் ஆட்டம் கண்டிருக்கின்றன. காலியான இடத்தில் தற்சமயம் ஒரு செங்கல் பொறுப்பேற்றிருக்கிறது. போனவரின் இடத்தில் எதையாவது கொண்டுவந்து வைத்தால் போதும், வண்டி ஓடும் என்று அந்தக் கிளினிக்குக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான் என்பதால், முதல் தகவலை உங்களுக்கே அனுப்புகிறேன்.

நிற்க. நீங்கள் நலமா என்று நான் கேட்பதற்கு அம்மாவின் அனுமதி இல்லை. நாங்கள் நலமா என்று நீங்கள் கேட்பதற்கு வழியில்லை, ஏனென்றால் வீட்டிலிருக்கும் எல்லா போனிலும் உங்கள் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாள். "என் வாயால அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று அப்பாவின் கட்டிலருகே நின்று சொல்லிவிட்டாள். ஆனால் நாலு வார்த்தை கேட்காமல் விட்டால் தூக்கம் வராதாம். அதனால் அவள் வாயை என் கைக்கு மாற்றியிருக்கிறாள். "நல்லா உறைக்கிற மாதிரி எழுது. உனக்குத்தான் அந்தக் கொழுப்பு இருக்கே" என்பது உத்தரவு. எழுதி முடித்ததும் படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் அனுப்பிய சுவர்க் கடிகாரத்தையும் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டாள். மணி என்ன என்று கேட்டால், "நமக்குத்தான் நேரம் சரியில்லையே, மணி தெரிஞ்சு என்ன பண்ணப்போற?" என்கிறாள்.

கிளினிக்கில் உங்கள் கம்பெனியின், தானே நோய் பார்த்துச் சொல்லும் கண்ணாடிக் கூண்டைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த கோட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ரிப்பனை வெட்டிவிட்டு, "இனிமேல் இந்தத் தெருவில் யாரும் டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று சொன்னீர்கள். சத்தியமான வார்த்தை மாமா. இப்போது டாக்டர்தான் காத்திருக்கிறார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டிருந்தவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக, பின்பக்கம் பஞ்சுப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு திரை முன்னால் உட்கார்ந்து, நம் கூண்டு சொல்வதற்கும், இன்னும் நாலைந்து தெருக்களில் இருக்கும் கூண்டுகள் சொல்வதற்கும், 'சரி', 'சரி' என்று அவர் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தானை அழுத்தினால் அதுவே கையெழுத்தாம். மருந்துக்குக்கூட ஒரு டாக்டர் கண்ணில் படாத கிளினிக் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது நம்முடையதுதான். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு நோயாளியைத் தொட்டுப் பார்த்த பிறகும் கை கழுவுவார் அல்லவா, அந்த மனுஷன் யாரையும் தொடாமலே எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

அவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெருவே முறைப்பு டாக்டர் என்று கூப்பிடும். பேச மாட்டார், முறைப்பார். அம்மா, அப்பா, அவர், மூன்று பேரும் சேர்ந்து நடத்திய நாடகத்தைப் பற்றி உங்கள் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லியே தீர வேண்டும். அப்பா பஸ் ஓட்டுகிறவர். வருஷா வருஷம் உடம்பு தகுதியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் ஸ்டியரிங்கைத் தொடவிடுவார்கள். அதனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அப்பா வாயில் பொய்யைத் தவிர வேறொன்றும் வராது. "சிகரெட்டா? விட்டு ரொம்ப நாளாச்சு டாக்டர்" என்பார். டாக்டர் அப்பாவைப் பார்க்கவே மாட்டார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் அம்மாவை முறைப்பார். அம்மா வாயே திறக்க மாட்டாள், மடியிலிருக்கும் கைப்பையை எடுத்துத் தரையில் வைப்பாள். பை தரைக்கு வந்தால் அப்பா புளுகுகிறார் என்று அர்த்தம். மடியிலேயே இருந்தால் உண்மை. டாக்டர் எழுதிக்கொள்வார். சில வருஷம் ஒரே பரிசோதனையில் பை லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போய்வரும். யாரும் இதைப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் அம்மாவுக்கு வரவில்லை, பொய் சொல்லி மாட்டிக்கொண்டோம் என்ற வெட்கம் அப்பாவுக்கும் இல்லை. வெளியே வந்ததும், "பார்த்தியா, எப்படிச் சமாளிச்சேன்" என்று அப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். மாத்திரைச் சீட்டை அம்மா பைக்குள் வைத்துக்கொள்வாள்.

உங்கள் கூண்டு எத்தனை லட்சம் புத்தகம் படித்ததோ தெரியாது. அம்மாவின் பையைப் படிக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏன் சொல்லித்தரவில்லை என்றால், கூண்டுக்குள் ஒருவருக்குத்தான் இடம். இந்த வருஷம் அம்மாவும் கூடவே நுழையப் பார்த்தாள். கதவு மூட மறுத்துவிட்டது. "இங்கே ஒருவருக்கு மேல் இருப்பதாக உணர்கிறேன், அன்பரே" என்றது. அது எல்லோரையும் அன்பரே என்றுதான் சொல்லும். மாலை நேரத்தில் தள்ளாடிக்கொண்டு வரும் எதிர்வீட்டு வெல்டரையும் அன்பரே, அவர் கையைக் கடித்த நாயைப் பற்றிப் பேசும்போது அதையும் அன்பர் என்றதாக அவரே சொன்னார்.

இந்த இடத்தில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கதைக்கு அவசியம். 'அன்பரே'யை ஏமாற்றுவதில் இந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கணக்குப் பரீட்சை அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி வந்தது. கணக்குக்கு வலிமை உண்டோ இல்லையோ, வலி உண்டு. கூண்டுக்குள் போய் முனகினேன், உடனே ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டது. பூகோளத்துக்குத் தலைசுற்றல், உடற்பயிற்சி வகுப்புக்குக் கணுக்கால். எதற்கும் மறுப்பே கிடையாது. பிறகு வகுப்பில் மற்றவர்களும் வந்து நின்றார்கள், சொல்லிக்கொடுத்தேன். கேட்டவுடனே பதில் சொல்லாதே, ஒரு மூச்சு விட்டுச் சொல். நேராகக் கேமராவைப் பார். இவை எல்லாம் சாதாரணம். என் சொந்தக் கண்டுபிடிப்பு வேறு. கேட்காமலே ஒரு சின்ன உண்மையை நீயாக ஒப்புக்கொள். 'ஒரு பல்லு சொத்தையா இருக்கு, அதையும் சொல்லிடறேன்' என்று தயங்கித் தயங்கிச் சொல். சொத்தைப் பல்லையே மறைக்காதவன் மற்றதிலா பொய் சொல்லப்போகிறான் என்று மெஷின் உருகிவிடும். என் மாணவர்கள் ஒருவர்கூடத் தோற்றதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பெற்ற மதிப்பெண்களை விட என்னிடம் படித்தவர்கள் பெற்ற விடுமுறைகள் அதிகம்.

அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகவே மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. நம் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட்டின் கதை உங்களுக்கே தெரியும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டுவார். காலில் போட்டிருப்பது செருப்பு. நான் சிரித்தேன் மாமா. ஒன்றல்ல, பல நாள் சிரித்தேன். இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்கிறீர்களே, வலிக்கிறதா என்று அம்மா கேட்டால், "ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குத் தோள் வலிக்காம தொடையா வலிக்கும்?" என்று வாயை அடைத்துவிடுவார். சான்றிதழுக்கு நாள் நெருங்கியது. ஒரு மாலையில் என் மேஜைப் பக்கம் வந்து நின்று, என் புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ அதுல பெரிய ஆளாமே" என்றார். அதற்கு முன்னால் அப்பா என்னிடம் எதையும் கேட்டு வந்ததில்லை. எனக்கு ஒரு முழம் உயரம் கூடியது. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். போனவுடனே உள்ளே நுழைய வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு அடங்கியதும் போகச் சொன்னேன். மூச்சு வாங்குமா என்று கேட்டால் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று நடித்தே காட்டினேன். சொத்தைப் பல்லையும் கொடுத்தேன். அவர் வாயில் உண்மையிலேயே ஒன்று இருந்தது வேறு வசதியாகப் போயிற்று.

அவர் உள்ளே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா வெளியே நின்றாள். அந்தக் கண்ணாடி பனி படிந்த மாதிரி மங்கலாக இருக்கும். அதில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, கைப்பையைத் தரையில் வைப்பதும் எடுப்பதும் மறுபடியும் பொத்தென்று வைப்பதுமாக இருந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள், இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து தேன் ஒழுகும் குரல் கேட்டது. "உங்கள் உடல்நிலை ஓட்டுநர் பணிக்கு ஏற்றதாகத் தெரிகிறது, அன்பரே. முடிவு மருத்துவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்படுகிறது. பல்லை மட்டும் கவனியுங்கள்." மாமா, அப்பாவின் பல்லைப் பற்றி அதற்கு இருந்த அக்கறையை என்னவென்று சொல்வேன். பல் தேய்க்கும் முறையை வேறு விளக்கியது. அங்கே நாங்கள் நிற்கும்போதே பின்னறையிலிருந்து ஒப்புதலும் வந்துவிட்டது. அப்பா வெளியே வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அம்மா கையில் ஒரு மாத்திரைச் சீட்டும் இல்லை.

அதே வாரத்தில், நடு மத்தியானம், ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்ற பஸ்ஸை அப்பா நிறுத்தத்துக்கு முன்னாலேயே ஓரம்கட்டினார். பிரேக்கைப் போட்டார், கதவுகளைத் திறந்துவிட்டார், "இறங்கிக்கங்க, பின்னாடி வேற வண்டி வருது" என்றார், ஸ்டியரிங்மேல் தலையை வைத்துவிட்டார். ஹாரன் அலற ஆரம்பித்தது. இறங்கியவர்களில் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து, "யோவ், இறங்கித்தான் ஆச்சே, இன்னும் எதுக்கு அடிக்கிற?" என்று திட்டினாராம். பெயின்ட் வாளியோடு நின்ற ஒரு பெயின்டர்தான் சந்தேகப்பட்டு உள்ளே ஏறித் தலையைத் தூக்கியிருக்கிறார். அப்பாவின் சட்டையில் இப்போதும் நீலக் கைத்தடம் இருக்கிறது. அம்மா அதைத் துவைக்க மாட்டேன் என்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் உங்கள் கூண்டின் சொந்தக்காரர் ஒருவர் நிற்கிறார். நோயாளியின் வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் எண்ணாகச் சொல்லவும் என்றார். அம்மா நூறு என்றாள். ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லவும். நூறு. ஒன்றிலிருந்து பத்துக்குள். நூறுடா நூறு, உனக்குக் காது இல்லையா என்று அம்மா அதை அடிக்கப் போய்விட்டாள். நல்லவேளையாகத் தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு டாக்டரம்மா ஓடிவந்து, அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எண்ணெல்லாம் கேட்காமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அடைத்துக்கொண்டிருந்த குழாயில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. இதயத்தின் ஒரு பக்கம் இனி முழுசாக வேலை செய்யாதாம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்தப் பக்கத்தைக் காப்பாத்தியிருக்கலாமே, யாரும் பார்க்கலையா என்று டாக்டரம்மா கேட்டார். பார்த்தாங்க, பல்லைப் பார்த்தாங்க என்றாள் அம்மா.

இனி அப்பா பஸ்ஸைத் தொட முடியாது. டிப்போ வாசலில் கேட்டைத் திறந்து மூடும் வேலை தருகிறார்களாம். மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு போகும் வண்டிகளுக்கு அவர் வழிவிட வேண்டும். இதைக் கேட்டபோது அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். போர்வைக்குள் அவருடைய இடது கால் கிளட்ச்சை மிதிப்பதுபோல ஒரு தடவை அசைந்தது. அதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

நான் சொல்லிக்கொடுத்தது வெளியே வராமல் இருக்குமா? அப்பாவே உளறிவிட்டார். அம்மா என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் தாள் கிழியும். ஆனால் கடைசியில் அவள் கோபம் சுற்றிவளைத்து உங்களிடம்தான் வந்து நின்றது. "பத்தாவது படிக்கிற பையன் ஏமாத்திடுற மெஷினையா மனுஷன் உயிரோட விளையாட வச்சான் என் தம்பி? இவன் நாலு வருஷத்துக்கு முன்னாடி முறைப்பு டாக்டர்கிட்ட இதே வேலையைக் காட்டியிருந்தா, ஒரு முறைப்புல நனைஞ்சிருப்பான்." இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள். மனுஷ டாக்டர் தேவையில்லை, மெஷினே போதும் என்று மேடை போட்டுச் சொன்னீர்களே, அந்த மெஷினை ஒரு சொத்தைப் பல்லால் கடித்துத் துப்பியவன் உங்கள் மருமகன். அம்மாவின் நிபந்தனை இது: நீங்களே நேரில் வந்து அந்தக் கூண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், டாக்டரைப் பழைய நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அதுவரை தம்பி என்று அவளுக்கு ஒருவன் கிடையாது.

வயதில் பெரியவர் என்பதற்காக ஒரு வணக்கம். செய்த வேலைக்காக அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாமிக்கு மட்டும் எங்கள் எல்லோருடைய அன்பும் சேதாரம் இல்லாமல் போய்ச்சேரட்டும். குட்டிப் பாப்பா நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும். அப்படியே ஏதாவது வந்தாலும் தயவுசெய்து மனித டாக்டரிடம் காட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் மெஷினை வென்ற மருமகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, "இன்னும் கொஞ்சம் உறைப்பா எழுதியிருக்கலாம், பரவாயில்லை" என்ற ஒப்புதலும் வாங்கி, உறைக்குள் போட்டுவிட்டேன். ஒட்டவில்லை. அதற்குள் முறைப்பு டாக்டர் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நாடி பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கூண்டை எடுக்கச் சொல்லி மாமாவுக்கு எழுதியாயிற்று, நீங்கள் மறுபடி நாற்காலிக்கு வந்துவிடலாம் என்று நல்ல செய்தி மாதிரி சொன்னேன்.

"உன் வயித்துவலி நடிப்பு ரொம்ப மோசம்டா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கூண்டு முதல் தடவையே கண்டுபிடிச்சிருச்சு. உங்ககிட்ட நல்லா இனிப்பாப் பேசி அனுப்பிடும். என் திரையில மஞ்சள் விளக்கைப் போடும். பையன் நடிக்கிறான், நேர்ல பாருங்கன்னு. நான்தான் சிரிச்சுக்கிட்டே லீவு குடுத்தேன். எனக்கும் கணக்கு வராது. அப்புறம் உன் சிஷ்யனுங்க வந்தானுங்க. அத்தனை பேருக்கும் மஞ்சள் விளக்கு. அத்தனை பேருக்கும் சொத்தைப் பல்லு. கொஞ்ச நாள்ல, பல்லுன்னு வந்தாலே படிக்காம அழுத்திடுவேன்."

நான் கேட்காமலே மீதியையும் சொன்னார். அப்பாவுக்கும் அது மஞ்சள் விளக்குப் போட்டிருக்கிறது. இவர் சொல்வது யாரோ சொல்லிக்கொடுத்த பதில், மாடி ஏறவைத்துப் பாருங்கள், வெளியே நிற்கும் மனைவியைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறது. "நான் பல்லைப் பார்த்தேன். பேரைப் பார்க்கலை" என்றார். அவர் என்னை முறைக்கவில்லை மாமா. முறைத்திருக்கலாம்.

ஆகவே, மேலே நான் மெஷினை ஏமாற்றியதாக வரும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஒரு தடவைகூட அது ஏமாறவில்லை. நான் பழக்கிப் பழக்கி ஏமாற்றியது அந்த மனுஷனைத்தான். அதுவும் ஏமாற்றுகிறோம் என்று தெரியாமலே. கூண்டை எடுப்பதா, அவரைக் கூட்டிவந்து அதன் பக்கத்தில் உட்காரவைப்பதா என்பதை எல்லாம் பெரியவர்கள் பேசிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மேல் தப்பு இல்லை என்று அம்மாவிடம் சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தேன். "பசிக்குதா?" என்று கேட்டாள். நீங்கள் வாருங்கள் மாமா. நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எல்லாம் அவள், "இவன் என்ன சாமானியப்பட்டவனா, அந்த மெஷினையே ஏமாத்தினவன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். திட்டுகிற மாதிரிதான் ஆரம்பிக்கிறாள், முடிக்கும்போது கொஞ்சம் பெருமையாக ஆகிவிடுகிறது. அவள் அதை ஆரம்பித்தாலே நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். பாட்டில் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது.